திருமலைல நீந்த எந்தக் கரை? என்ட மார்க் இதுதான்

கொழும்பில இருந்தும் யாழ்ப்பாணத்தில இருந்தும் வாற சிநேகிதர்மார் கேக்கிற கேள்வி ஒண்டுதான், திருமலைல, அதாவது திருகோணமலைல, கடல் குளிக்க எங்க நல்லம் எண்டு. குளிக்கிறதுக்கு எண்டா பதில் லேசு, உப்புவெளி போங்க, இடுப்புத் தண்ணில நில்லுங்க, ஃபோட்டோ எடுங்க, வாங்க. ஆனா நீந்துறதுக்கு எண்டு கேக்கிற ஆக்கள் இப்ப கூடி வருது, பூல்ல 25 மீட்டர் 25 மீட்டரா திரும்பித் திரும்பி அலுத்துப்போய் கடல்ல ஒரு கிலோமீட்டர் நேரா நீந்திப் பாக்கணும் எண்டு வாறவங்க, அவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. மணல் வெள்ளையா, ஹோட்டல் வடிவா, சாப்பாடு ருசியா எண்டதுக்கெல்லாம் இங்க மார்க் இல்ல. வள்ளம் எங்கால வருது, காத்து எங்கால தள்ளுது, களைச்சா கரை ஏற ஏலுமா, கத்தினா கேக்க ஆள் நிக்குதா, இதுக்குத்தான் மார்க்.

முதல்ல சீசன சொல்லிடுறன். சித்திரைல இருந்து புரட்டாதி மட்டும்தான் எங்கட பக்கக் கடல் நீச்சலுக்குச் சரி. வாடை தொடங்கினாப் பிறகு, அதாவது கார்த்திகை மார்கழி தை, கடல் கலங்கி அலை எழும்பி நிக்கும், அந்த நேரம் ஹிக்கடுவ பக்கம் போறவன் போகட்டும், நாங்க வீட்டில இருப்பம். இது எல்லா ஆக்களுக்கும் தெரிஞ்ச விசயம். தெரியாத விசயம் கச்சான்.

வைகாசி ஆனி ஆடில கச்சான் அடிக்கும் தெரியும்தானே, மேல்காத்து, தரையில இருந்து கடலுக்குப் போற சூடான காத்து. காத்து அலை எழுப்பணும் எண்டா அதுக்குத் தண்ணிக்கு மேல கொஞ்சத் தூரம் ஓடக் கிடைக்கணும், தரையில இருந்து வாற காத்துக்கு கரையோரத்தில அந்தத் தூரம் இல்ல, அதனால கரையில நிண்டு பாத்தா கடல் அசையாமக் கிடக்கும். வெளியூர் ஆக்கள் அதப் பாத்துட்டு "ஆ, இண்டைக்கு நல்ல அமைதி" எண்டு இறங்குவாங்க. இருநூறு மீட்டர் அங்கால போய் திரும்பிப் பாருங்க, மூஞ்சில தண்ணி அடிக்கும், நீந்த நீந்த கரை கிட்ட வராது. காத்தடிச்ச ரப்பர் வளையம், பிள்ளைகள் ஏறி இருக்கிற மெத்தை, இதெல்லாம் கச்சான் நாள்ல கடலுக்குக் கொண்டே வரக்கூடாது, கை விட்டா அது நேரா வங்காள விரிகுடாதான். பின்னால பிள்ளை துரத்திக்கொண்டு போறதுதான் பெரிய பயம். ஒரு பந்து போனாப் போகட்டும் எண்டு பிள்ளைகளுக்கு இறங்க முதலே சொல்லி வையுங்க.

ஆகவே என்ட கட்சி இதுதான், அலை இல்லாத நாளிலதான் கூடுதல் கவனம் வேணும். லேசா அலை அடிக்கிற, காத்து கடல் பக்கத்தில இருந்து வாற நாள் பாக்கப் பயமா இருக்கும், ஆனா அலை மொத்தமா முறியாத வரைக்கும் அது உங்கள கரைக்குத்தான் தள்ளும். தென்னை ஓலை எங்கால சாயுது எண்டு பாத்துட்டு இறங்குங்க, அதுக்கு ஆப் எல்லாம் தேவையில்ல.

சரி, இடங்களுக்கு வாறன்.

உப்புவெளி. டவுன்ல இருந்து நிலாவெளி ரோட்டால அஞ்சு கிலோமீட்டர் மட்டில, பஸ், த்ரீவீல் எல்லாம் இருக்கு. நீளமா மணல் கரை, மெல்ல மெல்ல ஆழமாகுற அடி, கல் குறைவு, கரையோட ஹோட்டல் வரிசை எண்டதால எந்த நேரமும் ஆள் நடமாட்டம். நீந்துறவனுக்கு இதில பெரிய வசதி ஒண்டு இருக்கு, தெற்கால நீந்தும்போது தலையத் தூக்கிப் பாத்தா கோணேசர் மலை நேரா தெரியும், அதப் பிடிச்சுக்கொண்டு போனா கோணல் மாணலாப் போக மாட்டீங்க. வடக்கால போகும்போது இடப்பக்கம் மூச்செடுங்க, ஏனெண்டா வலப்பக்கம் கிழக்கு, காலமை வெயில் தண்ணில பட்டு கண்ணக் குத்தும், இடப்பக்கம் கரையும் தெரியும் ஆளும் தெரியும். திரும்பி வரும்போது வலப்பக்கம். ரெண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகாதவங்க முதல்ல அதப் பூல்ல பழகிட்டு வாங்க.

உப்புவெளில பிரச்சினை எண்டா வள்ளம்தான். விடியக்காலம திமிங்கிலம், டொல்ஃபின் பாக்கக் கூட்டிப் போற போட்டுகள் வெளிக்கிடும், ராவுத் தொழிலுக்குப் போன ஃபைபர் போட்டுகள் அதே நேரம் கரைக்கு வரும். ஓட்டுற ஆள் பின்னால எஞ்சினடியில இருப்பான், முன்பக்கம் தூக்கிக்கொண்டு வரும், கறுப்புத் தலையோட தண்ணிக்குள்ள கிடக்கிற உங்கள அவனுக்குத் தெரியாது, அவனக் குறை சொல்லவும் ஏலாது. எஞ்சின் சத்தம் கேக்குமே எண்டு நினைக்காதீங்க, கேக்கும்தான், ஆனா தண்ணிக்குள்ள சத்தம் செக்கனுக்கு 1500 மீட்டர் வேகத்தில போகுது, காத்தில போறதவிட நாலு மடங்குக்கும் மேல, ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்தில வாற மாதிரி இருக்கும், வலமா இடமா எண்டு மூளைக்குப் பிடிபடாது. தலைய வெளிய எடுத்துத்தான் பாக்கணும். நான் செய்யிறது, போட்டுகள் மணலில ஏத்தி வச்சிருக்கிற இடங்கள முதல்ல நடந்து பாக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரா முன்னுக்கு கடல்ல ஒரு பாதை இருக்கு எண்டு வையுங்க, அதுக்கு இடையில இருக்கிற வெறும் கரைக்கு முன்னால, கரைக்குச் சமாந்தரமா, கழுத்தளவுத் தண்ணிக்குக் கொஞ்சம் அங்கால மட்டும் நீந்துங்க. தூரம் வேணுமெண்டா அதிலயே போய்ப் போய் வாங்க. நேரா நடுக்கடலுக்குப் போறதில ஒரு வீரமும் இல்ல. மார்க் பத்துக்கு எட்டு.

கரைவலை பத்தி இந்த இடத்திலயே சொல்லணும். கடல்ல வலைய வளைச்சுப் போட்டு ரெண்டு பக்கக் கயித்தையும் கரையில நிண்டு இழுப்பாங்க, கயிறு பல நூறு மீட்டர் போகும், தண்ணிக்குள்ள கிடக்கும்போது தெரியவே தெரியாது, மேல மிதக்கிற மிதப்புக் கட்டைதான் அடையாளம். கரையில ஆக்கள் வரிசையா நிண்டு கயிறு இழுக்கிறதக் கண்டா ரெண்டு கயித்துக்கும் நடுவில இறங்கவே வேணாம், ஒண்டு உங்களுக்கு ஆபத்து, மற்றது அவங்கட அண்டைய உழைப்பு நாசம். வாடில, அதாவது கரையில இருக்கிற மீன்பிடிக் கொட்டில்ல, இருக்கிற ஐயாமாரிட்டக் கேட்டிட்டு இறங்குங்க. "ஐயா, இண்டைக்கு வலை வளைக்கிறீங்களா, நீரோட்டம் எப்பிடி?" எண்டு கேட்டாப் போதும், ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில அந்தக் கரையிட முழுக்கதையும் சொல்லுவாங்க, எங்க கல்லு, எங்க குழி, போன கிழமை எங்க இழுத்தது எண்டு. நெட்டில தேடிக் கிடைக்காத தகவல் இது, அதுவும் அண்டைய திகதிக்கு.

நிலாவெளி. டவுன்ல இருந்து 16 கிலோமீட்டர் மட்டில வடக்கால. பேர் உலகம் பூரா தெரிஞ்ச பீச், வடிவுக்கு நான் வாதாட வரல்ல. ஆனா நீந்துறவனுக்கு அந்த நீளமே குறை, ஹோட்டல் இல்லாத பகுதியில இறங்கினா சுத்துவட்டாரத்தில ஒரு மனுசர் இல்ல. கஷ்டம் வந்தா கையத் தூக்கினாலும் காண ஆள் இல்ல. முன்னால இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போற போட்டுகள் ஓடுற பகுதில நீந்தவே வேணாம், அது ரோட்டுக்கு நடுவில படுக்கிற வேலை. இன்னும் வடக்கால போனா இறக்கக்கண்டிப் பாலம், களப்பு கடலோட சேருற இடம், பாக்க அமைதியான தண்ணி. களப்பு வாய் எங்கயும் நீந்தாதீங்க எண்டது என்ட ஒரே கண்டிப்பான சட்டம், சாம்பல்தீவுப் பாலத்தடிக்கும் அதேதான். தண்ணி உள்ளுக்க வெளிய இழுக்கும், மழை பெஞ்சா இன்னும் மோசம், கலங்கின தண்ணில முதலையும் வரும். உவர்நீர் முதலைக்குக் கடலும் ஒண்டுதான் களப்பும் ஒண்டுதான், எங்கட நாட்டில அது கட்டுக்கதை இல்ல. நிலாவெளிக்கு ஆறு, அதுவும் ஹோட்டலுக்கு முன்னால எண்டா மட்டும்.

புறாமலைய பத்தி கனபேர் கேக்கிறது, கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்தானே, நீந்திப் போகலாமா எண்டு. வேணாம். தூரம் பிரச்சினை இல்ல, போட்டும் நீரோட்டமும் கச்சானும் ஒரே நேரத்தில சேருற இடம் அது. அதோட 2003ல இருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்திட டிக்கட் எடுத்து போட்டில போற இடம். அங்க போறது நீச்சலுக்கு இல்ல, முகமூடி போட்டு முருகைக்கல்லப் (பவளப்பாறை) பாக்க. லைஃப் ஜக்கட்டோட மெதுவா மிதந்தாலே காணும், அதிர்ஷ்டம் இருந்தா துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா போகும், அதுக்கு உங்களப் பாத்துத்தான் பயம். கல்லில ஏறி நிக்காதீங்க, முருகைக்கல் வெட்டின காயம் கிழமைக்கணக்கா ஆறாது, கல்லுக்கும் ஆறாது. ஓடு, சிப்பி ஒண்டும் பையில போட வேணாம், அது குற்றம்.

மார்பிள் பீச். இதுக்குத்தான் நான் ஆகக் கூடின மார்க் குடுக்கப் போறன், ஆனா ஆருக்கு எண்டதப் பாருங்க. சீனன்குடா தாண்டி, கிண்ணியா ரோட்டில இருந்து உள்ளுக்குப் போற பாதை, விமானப்படை நடத்துற இடம், உள்ளுக்குப் போக டிக்கட். கொட்டியாரக் குடாப் பக்கம் ஒதுங்கின சின்னக் குடா எண்டதால வெளிக்கடல் அலை நேரா வராது, தண்ணி தெளிவு, மணல் அடி. பிள்ளைகள், வயசான ஆக்கள், முப்பது வயசில நீச்சல் பழகுறவங்க, இவங்களுக்கெல்லாம் திருமலைல இதவிட நல்ல தண்ணி இல்ல எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளக் கடல் பக்கமே விடாத வீடுகள் எங்கட ஊரில எத்தினை, அந்தப் பிள்ளைகள் இப்ப வளந்து பெரிய ஆக்கள், கடலுக்குப் பக்கத்தில பிறந்து நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை. அவங்க தங்கட பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு பேரும் ஒண்டாப் பழகலாம், அதுக்கு இந்த இடம்தான். பத்துக்கு ஒன்பது.

நீளமா நீந்துறவனுக்கு அஞ்சு. ஏனெண்டா குடா சின்னன், கொஞ்சம் போனா திரும்பணும், அப்ப பூலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். சனி ஞாயிறு, போயா லீவில கரையோரம் முழுக்கச் சனம், கை வீசினா ஆரையாவது படும். கிழமை நாள்ல காலமையே போயிடுங்க. ஓரத்தில இருக்கிற பாறைப் பக்கம் மீன் பாக்க நல்லம், ஆனா வெறுங்காலோட பாறைல ஏற வேணாம்.

டச்சு பே, டவுனுக்குள்ளயே இருக்கிற கரை. பின்னேரம் காத்து வாங்க, இறால் வடை சாப்பிட, பிள்ளைகள் அங்க திரியிற மானுக்குப் பின்னால ஓட, அதுக்கு முழு மார்க். நீந்த நான் இறங்க மாட்டன், அதுக்கு மேல எழுத ஒண்டும் இல்ல. கோட்டைப் பக்கம், கோணேசர் மலை அடிவாரப் பாறைப் பகுதிக்கு மட்டும் நீந்திப் போகாதீங்க, பாறையில மோதித் திரும்புற அலை எந்தப் பக்கம் தூக்கி அடிக்கும் எண்டு சொல்ல ஏலாது. 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோட சுழியோடின மைக் வில்சனும் அந்த மலைக்குக் கீழ கடலடியில பழைய கோயிலிட கல்லுகளக் கண்டவங்க, அதப் பாக்க ஆசைப்படுறவங்க டைவிங் பழக்குற இடங்களோட, போட்டோட, ஆளோட போங்க. உள்துறைமுகம் கேக்கவே வேணாம், கடற்படை, கப்பல், எண்ணெய்.

சல்லிக்கு ஒரு வார்த்தை. முத்துமாரியம்மன் கோயில் இருக்கிற ஊர்க்கரை, அமைதியான இடம், ஆனா அது ஊர்ச்சனத்திட இடம், ஹோட்டல் கரை இல்ல. கேட்டிட்டு இறங்குங்க, உடுப்பப் பாத்துப் போடுங்க. உடுப்பு எண்டதும் எங்கட பொம்பிளையளுக்குச் சொல்ல ஒண்டு இருக்கு, சுடிதாரும் ஷோலும் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீங்க, நனைஞ்ச துணி காலச் சுத்திப் பிடிக்கும், தண்ணி குடிச்ச துணி கைய மேல எடுக்க விடாது. உடம்போட ஒட்டின நீளக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் இப்ப எங்கட கடைகளிலயும் கிடைக்குது, மானத்துக்கும் நல்லம், வெயிலுக்கும் நல்லம், சொறிமுட்டைக்கும் (ஜெலிஃபிஷ்) நல்லம். ஆம்பிளையளும் போடலாம், ஒண்டும் குறையாது.

சொறிமுட்டை சில காலத்தில கூட்டமா வரும். கரையில ஒதுங்கிக் கிடக்கிறதக் கண்டா தண்ணிக்குள்ளயும் இருக்கு எண்டு எடுங்க. பட்டா மணல் போட்டுத் தேய்க்கிறது எங்கட ஊர்ப் பழக்கம், அது சரியே இல்ல, தேய்க்கத் தேய்க்க ஒட்டிக்கிடக்கிற முள்ளெல்லாம் வெடிச்சு இன்னும் விசம் ஏறும். கடல் தண்ணியாலயே கழுவி, நார மெதுவா எடுத்து, பொறுக்கக்கூடிய சூட்டில சுடுதண்ணி விடுங்க. மூச்சு முட்டுது, நெஞ்சு இறுக்குது எண்டா வைத்தியம் பாத்துக்கொண்டு நிக்காம 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் இலவசம். பீச்சில நிக்கிறம் எண்டு மட்டும் சொன்னா அவங்களால கண்டுபிடிக்க ஏலாது, பக்கத்து ஹோட்டலிட பேரும் ரோட்டுப் பக்க வாசலும் இறங்க முதலே தெரிஞ்சு வச்சிருங்க. சாராயம் குடிச்சிட்டு இறங்குறவங்களுக்கு நான் இடமே சொல்ல மாட்டன், என்னட்டக் கேக்கவும் வேணாம்.

கடைசியா சாமான் ரிவ்யூ. ஒன்லைன்ல வாங்கின மிதப்புப் பை, இடுப்பில பெல்ட் கட்டி பின்னால இழுத்துக்கொண்டு போறது, வாயால ஊதணும், உள்ளுக்க ஃபோன், சாவி, கொஞ்சக் காசு வைக்க இடம் இருக்கு. நான் கண்ட பலன் ஒண்டு, போட்டுக்காரர் என்னத் தூரத்திலயே காணுறாங்க, கை காட்டிக்கொண்டு ஒதுங்கிப் போறாங்க, வெறுந்தலையோட போன காலத்தில அது நடக்கல்ல. இழுக்குதா எண்டு கேக்கிறாங்க, நாலு கை போட்டா மறந்துடும், ஆனா காத்து நாள்ல பை ஒரு பக்கம் போய் கயிறு கால்ல தட்டும், கயித்தக் கொஞ்சம் கட்டையாக்கினா சரி. குறை என்னெண்டா, தண்ணி போகாது எண்டு எழுதியிருந்த பைக்குள்ள ஈரம் போகுது, ஃபோனத் தனிக் கவருக்குள்ள போட்டுத்தான் வைக்கிறன். வால்வும் ஒரு சீசனிலயே காத்து விடத் தொடங்கிட்டுது, பின்னேரம் ஊதினது காலமை சுருங்கிக் கிடக்கும், ஆகவே இறங்கக் கொள்ளத்தான் ஊதணும். இன்னொண்டு, பெட்டில சின்ன எழுத்தில எழுதியிருக்கிறத வாசியுங்க, இது உயிர்காப்புச் சாமான் இல்ல. களைச்சா பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்கலாம், நீந்தத் தெரியாதவன மிதக்க வைக்கிறதுக்கு இல்ல. பத்துக்கு ஆறு, குறைஞ்ச நாலும் வால்வுக்கும் பைக்கும். வாங்குறதெண்டா கண்ணக் குத்துற ஒரேஞ்ச் இல்லாட்டி பிங்க் எடுங்க, நீலமும் வெள்ளையும் மலிவா விக்கிறாங்க, நீலம் தண்ணியோட போயிடும், வெள்ளையப் போட்டுக்காரன் நுரை எண்டு நினைப்பான்.